ராமமூர்த்தி சொன்ன மீன் குழம்பு

ஞானசீலனின் பெல்ட்டில் மூன்றாவது முறையாக ஓட்டை போட வேண்டியிருந்தது. ஆணியைச் சுட வைத்து அந்த வேலையைச் செய்தவள் மகள் எப்சிபா.

"அப்பா, இனிமே ஓட்டை போட இடமில்லை. நீங்கதான் கொஞ்சம் குண்டாகணும்" என்று பெல்ட்டை அவர் கையில் கொடுத்தாள்.

ஞானசீலன் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்தால் அவருக்கே யாரோ தூரத்து உறவுக்காரர் போல இருந்தது. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வந்து சேர்கிறவர்களுக்காக நான்கு வரி சொல்லிவிடுகிறேன். டில்லியில் மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசராக இருக்கும் ஞானசீலன் சாப்பாட்டுப் பிரியர். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு டில்லியில் ஏதாவது ஒரு ஊர்க்காரர்களின் சாப்பாட்டைத் தேடிப் போவார். கரோல்பாகில் ஒரு சந்துக்குள் ராஜஸ்தான் சாப்பாடு, சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளி மெஸ், சாணக்யபுரியில் ஏதாவதொரு மாநிலத்து விருந்தினர் இல்லம். பத்து வருஷம் இப்படி ஓடியது. போன ஜூனில் அவர் கழுத்தில் ஒரு கட்டி. ஆறு வாரம் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் வற்றிப்போய், நாக்கில் ருசியும் செத்துப்போயிற்று.

போன வாரம் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சுத்தமாகிவிட்டது, பிழைத்துக்கொண்டீர்கள்" என்று கை குலுக்கினார். "ருசி?" என்று கேட்டதற்கு, "வரலாம், நாளாகும். வராமலும் போகலாம்" என்றார். அப்போது மனைவி இன்பராணி மருந்துச் சீட்டை வாங்க வெளியே போயிருந்தாள். ஞானசீலன் அந்தப் பதிலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஏனென்றால் அவர் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தார்.

கிறிஸ்மஸ் அன்று காலை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இரவு டியூட்டி முடிந்து வந்த இன்பராணி யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவர் ஒரு வாய் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. "உப்பு லேசாத் தெரியுது ராணி" என்று சொல்லிவிட்டார். இன்பராணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு ஆராதனையில் எழுந்து நின்று சபை முழுவதும் கேட்க, கர்த்தர் ருசியைத் திருப்பித் தந்தார் என்று சாட்சி சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திரும்ப வாங்க அவருக்கு வழியே தெரியவில்லை.

"கிளம்பலாமா?" என்று இன்பராணி உள்ளேயிருந்து வந்தாள். வெங்காயத்தாமரை நிறத்தில் பட்டுப்புடவை. அதற்கு மேலே ஸ்வெட்டர். பத்து வருஷத்தில் ஒரு முதல் ஞாயிறுகூட அவளுக்கு லீவு கிடைத்ததில்லை. இந்த ஞாயிறை மேட்ரனிடம் மன்றாடி வாங்கியிருந்தாள்.

"நான் வந்தா உங்க கோஷ்டிக்கு இடைஞ்சல் இல்லையே?"

"கோஷ்டிக்கு இனி நீதான் தலைவி" என்றார் ஞானசீலன்.

ஜனக்புரி பஸ் ஸ்டாப்பில் ராமமூர்த்தி முன்னதாகவே நின்றிருந்தார். மங்கி குல்லாய், மஃப்ளர், கையில் சின்ன எவர்சில்வர் தூக்கு. ஆபீசில் ஞானசீலனின் அடுத்த மேஜைக்காரர், கும்பகோணத்துப் பக்கம். முட்டைகூடத் தொடாதவர், எந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் போனாலும் கடைசியில் சாப்பிட வீட்டுத் தயிரைத் தூக்கில் கொண்டுவருவார்.

"வாரும் ஓய்! ஆளைப் பாத்து எத்தனை நாளாச்சு, அதுவும் வெயில்ல!" என்று ஞானசீலனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நமஸ்காரம். இன்னிக்கு நீங்களும் வரேளாமே. பேஷ்."

ஞானசீலனுக்கு அந்த மனிதர்மேல் சொல்லி முடியாத நன்றி இருந்தது. படுக்கையில் கிடந்த ஏழு மாதமும், ஒவ்வொரு முதல் ஞாயிறும் சாயங்காலம் ராமமூர்த்தி தவறாமல் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் கோஷ்டி எங்கே போயிற்று, என்ன சாப்பிட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பீகார்க்காரர்கள் லிட்டி என்கிற சுட்ட மாவு உருண்டையை நெய்யில் முக்கியது, மராட்டிக்காரர்கள் பருப்பில் வெல்லம் போட்டது. அக்டோபரில் சாணக்யபுரி அஸ்ஸாம் விருந்தினர் இல்லத்தில் மீன் குழம்பு. "நம்ம டிரைவர் காத்தவராயன் சாப்பிட்டுட்டுச் சொன்னான். மீன் பலாக்கொட்டை மாதிரி மெத்துனு இருந்துதாம்" என்று ராமமூர்த்தி சொன்னபோது, தொண்டை வலியோடு ஞானசீலன் சிரித்த சிரிப்பில் இன்பராணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அந்த மீன் குழம்பைச் சாப்பிடத்தான் இன்றைக்குப் போகிறார்கள். இடத்தைச் சொன்னவள் எப்சிபா. "அஸ்ஸாம் போகலாம்பா. அங்கே காரம் கிடையாது. குழம்பு தண்ணியா இருக்கும். உங்களுக்கு முழுங்கறது ஆசான், ரொம்ப ஈஸி."

தௌலா குவானில் இறங்கியபோது காத்தவராயன் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். அமைச்சகத்தில் டிரைவர். செங்கல்பட்டுக்காரன், ஆள் ஆறடி.

"சார்!" என்று ஓடிவந்தவன் ஞானசீலனைப் பார்த்ததும் நின்று மேலும் கீழும் அளந்தான். கடைசியில், "இன்னா சார், பாதி ஆளைத்தான் கூட்டினு வந்திருக்கீங்க" என்றான்.

"மீதி ஆளைச் சாப்பிட்டு வரவழைப்போம்டே" என்றார் ஞானசீலன்.

விருந்தினர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடம் பெரியது அல்ல. எட்டு மேஜைகள், ஜன்னல் வழியாகப் பிப்ரவரி வெயில் ஒரு மேஜைமேல் மட்டும் விழுந்தது. எப்சிபா அப்பாவை அந்த மேஜையில் உட்கார வைத்தாள்.

பரிமாற வந்தவர் வயதானவர். பெயர் சைக்கியா. ஞானசீலனைப் பார்த்ததும் நின்றார். முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு இந்தியில், "சாப், நீங்கள்தானே ஒருநாள் சமையற்கட்டுக்குள்ளேயே வந்து மீனை எப்படி நறுக்குகிறீர்கள் என்று பார்த்தவர்?" என்று கேட்டார்.

ஞானசீலனுக்குச் சந்தோஷத்தில் கண் விரிந்தது. "ஆமாம் பாய்சாப், நானேதான்."

"ரொம்ப மெலிந்துவிட்டீர்களே. வந்து ஒன்றரை வருஷம் இருக்குமே."

"எனக்கு உடம்பு சரியில்லை. ஆனால் என் ஆட்கள் அக்டோபரில் வந்தார்களே, இதோ இவர்கள்."

சைக்கியா ராமமூர்த்தியையும் காத்தவராயனையும் பார்த்தார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இவர்கள் வரவில்லை சாப். அக்டோபரில் இங்கே சமையற்கட்டு ரிப்பேர். தீபாவளி தாண்டித்தான் திறந்தோம்."

சொல்லிவிட்டுத் தட்டு எடுத்துவர உள்ளே போய்விட்டார்.

ராமமூர்த்தி தூக்கின் மூடியைத் திறந்தார், மூடினார். காத்தவராயன் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்தான்.

"என்னவே இது?" என்றார் ஞானசீலன். "அக்டோபர்ல நீங்க எங்கே போனிய?"

"எங்கேயும் போகலை ஓய்."

"நவம்பர்ல? மராட்டிச் சாப்பாடு?"

"அதுவும் இல்லை."

"ஏழு மாசமும்?"

ராமமூர்த்தி மங்கி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடி நாலாபக்கமும் நின்றது. "ஜூலையில போகணும்னுதான் கிளம்பினோம். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாச்சு. இவன்தான் வேண்டாம் சார்னு திரும்பிட்டான்."

"கேப்டன் இல்லாம டீம் இன்னாத்த சார் ஆடறது?" என்றான் காத்தவராயன், இன்னும் மரத்தைப் பார்த்தபடியே. "போனா, இன்னா கேக்கணும், எதுக்கு அப்புறம் எது துன்னணும், ஒண்ணுமே எங்களுக்குத் தெரியாது. அப்பால எதுக்குப் போவணும்?"

"சரி, போகலை. அதைச் சொல்லவேண்டியதுதானே? வந்து உக்காந்து அத்தனையும் கட்டிச் சொன்னீரே!"

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் ராமமூர்த்தி. குரல் இறங்கிவிட்டது. "நீர் கட்டில்ல படுத்துண்டிருந்தீர். பேச முடியலை. சிலேட்ல எழுதிக் காட்டினீர், 'இன்னிக்கு என்ன சாப்பிட்டீர்'னு. அந்த மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை ஓய். அங்கேயே ஒரு குஜராத்திச் சாப்பாட்டை அவிழ்த்துவிட்டேன். நீர் கண்ணை மூடிண்டு கேட்டீர். அடுத்த மாசம் வெறுங்கையோட எப்படி வரது?"

"லிட்டியை நெய்யில முக்கினது?"

"டெஸ்பாட்ச்ல மிஸ்ராஜி சொன்னார்."

"இந்த மீன்?"

"பட்ஜெட் செக்ஷன்ல ஒரு அஸ்ஸாம்காரப் பொண்ணு. ரெண்டு நாள் டீ டைம்ல உக்காந்து கேட்டு எழுதிண்டேன். பலாக்கொட்டை மட்டும் என் சொந்தச் சரக்கு."

ஞானசீலனுக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பரிதாபப்பட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒரு நொடி வந்து குத்தியது. அடுத்த நொடியே, மீன் வாடை பட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இந்த மனிதர் ஆபீசில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து மீனை எந்த எண்ணெயில் வதக்குவது என்று கேட்டு எழுதிய காட்சி கண்முன் வந்தது. பத்து வருஷமாக, தான்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு போனதாக நினைத்திருந்தார். ஏழு மாதம் கட்டிலில் கிடந்தவரை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனது ராமமூர்த்தி.

அவர் எதுவும் சொல்வதற்குள் தட்டுகள் வந்துவிட்டன. வெள்ளைச் சோறு, கிண்ணங்களில் நாலைந்து வகை. முதலில் தின்னவேண்டியதை சைக்கியா சுட்டிக் காட்டினார். வாழைத்தோலைச் சுட்டு, அந்தச் சாம்பலை ஊறவைத்து வடித்த தண்ணீரில் வேகவைத்த பப்பாளிக்காய்.

எல்லோரும் ஞானசீலனையே பார்த்தார்கள். அது பழைய வழக்கம். அவர் முதல் வாய் வைத்து, இதில் என்ன இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். ஈரமாக இருந்தது. சூடாக இருந்தது. அவ்வளவுதான். சுண்ணாம்புச் சுவரை நக்கினாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஆஹா" என்றார். "அருமை."

"உப்பு எப்படி இருக்கு?" என்று இன்பராணி கேட்டாள்.

"சரியா இருக்கு ராணி."

"வீட்டில?"

"வீட்டிலயும் சரியாத்தான் இருக்கு."

"புதன்கிழமையில இருந்து உங்க கஞ்சியில உப்பே போடலை" என்றாள் இன்பராணி. சத்தம் போடாமல், வார்டில் நோயாளியிடம் பேசுவதுபோல. "நாலு நாளா கேக்கேன். நாலு நாளும் கனகச்சிதம்னு சொல்லுதிய."

ஞானசீலனின் கை தட்டிலேயே நின்றது. மற்ற மூவரும் குனிந்துகொண்டார்கள்.

"டாக்டர் சொன்னதையும் நான் கேட்டுட்டேன். கதவுக்கு வெளியிலதான் நின்னேன்."

"ராணி, நீ அன்னைக்கு சபையில எந்திரிச்சு நின்னு..." அவரால் முடிக்க முடியவில்லை. "அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்? கர்த்தருக்கு முன்னால உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டேன்."

இன்பராணி தன் தட்டைப் பார்த்தாள். கண்ணோரம் நீர் கட்டியது. அதை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டாள்.

"நாலு நாள் எனக்கு உங்கமேல அவ்வளவு கோவம். நேத்து ராத்திரி வார்டில உங்களை மாதிரியே ஒரு ஆளு. அதே கட்டி. அவருக்குக் காலையில முகத்துல துணி மூடிட்டு வந்தேன். வாரப்போ பஸ்ல நெனச்சேன். எந்தச் சாட்சியும் பொய்யாப் போகலை. மனுசன் இருக்காருல்லா. உப்புக்குச் சொன்னதை உசிருக்குச் சொன்னதா வச்சுக்கிடுதேன்."

பிறகு நிமிர்ந்து மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். "நல்ல கோஷ்டி! இங்கே பொய் சொல்லாத ஆளு யாராவது இருக்கியளா?"

காத்தவராயன்தான் முதலில் சிரித்தான். ராமமூர்த்திக்குத் தொற்றியது. ஞானசீலன் சிரிக்க ஆரம்பித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். எப்சிபா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். ஞானசீலன் அதைப் பார்த்தார்.

"இப்ப கேளுங்க" என்று இன்பராணி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் சாப்பிட்டுச் சொல்லுதேன். நீங்களும் அதையே வாயில போட்டுக்கிடுங்க."

பப்பாளிக்காயை ஒரு வாய் சாப்பிட்டாள். டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லும் அதே கவனத்தோடு ஆரம்பித்தாள்.

"காரம் இல்லை. புளிப்பும் இல்லை. சோடா உப்புப் போட்ட மாதிரி ஒரு வழவழப்பு. முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துட்டு, முழுங்கின பொறவு நாக்கு சுத்தமாயிருது. அடுத்ததுக்கு வாயைக் கழுவி விட்ட மாதிரி."

"அதான்! அதுக்குத்தான் அதை முதல்ல வைக்கிறான்!" என்று ஞானசீலன் மேஜையைத் தட்டினார்.

உருளைக்கிழங்கு மசியல் வந்தது. பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்தது. வாயில் போட்டதும் அவர் மூக்கு ஜிவ்வென்று ஏறி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ராணி! இது தெரியுது! ருசி இல்லை. ஆனா மூக்குல ஏறுது!"

"எனக்கும்தான் ஏறுது. கொஞ்சம் இருங்க" என்று அவள் தும்மினாள்.

"இதுல வெங்காயம் இருக்கு" என்றார் ராமமூர்த்தி. "எங்காத்துல யாரும் போய்ச் சொல்லவேண்டாம்." இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அந்த மீன் குழம்பு. தெளிவாக, தண்ணீராக, தக்காளி மிதக்கும் குழம்பு. இன்பராணி ஸ்பூனால் எடுத்துக் குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"புளிப்பு. நம்ம புளிப் புளிப்பு இல்லை. நாக்கு ஓரத்துல வந்து நிக்குது, கன்னம் உள்ளே இழுக்குது. பின்னால வெந்தயம் லேசாக் கசக்குது. மீன்ல ஒரு இனிப்பு இருக்கு, அந்தப் புளிப்பு இல்லாட்டா இது தெரியாது."

அவள் சொல்லச் சொல்ல அவர் குடித்தார். நாக்கு பழையபடி மரக்கட்டைதான். ஆனால் அந்தக் குழம்பு காய்ந்த தொண்டையில் எங்கும் உராயாமல் இறங்கியது. ஏழு மாதமாகச் சோறு அவருக்குத் தொண்டையில் மணல். இன்றைக்குக் குழம்பில் முங்கிய சோறு தானாக வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கவளம், இன்னொன்று, இன்னொன்று. பேச்சு சுவாரஸ்யத்தில் யாரும் கவனிக்கவில்லை. தட்டு காலியான பிறகு அவரே குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"சார், ஃபுல் பிளேட் சார்!" என்று காத்தவராயன் எழுந்தே நின்றுவிட்டான். சமையற்கட்டு வாசலில் நின்ற சைக்கியா கேட்காமலேயே இன்னொரு கரண்டிச் சோறு கொண்டுவந்தார்.

கை கழுவப் போகுமுன் ஞானசீலன், "ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கிடலாமா?" என்றார்.

"சாப்பிட்ட பொறவா?" என்று கேட்டாள் இன்பராணி. ஏழு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் அவர் ஜெபம் சொல்வதையே விட்டிருந்தார். நன்றி சொல்லித் தொடங்க அவருக்கு மனசு வந்ததில்லை.

"பாக்கி நிறைய இருக்கு. இன்னைக்காவது தொடங்குதேன்."

ராமமூர்த்தி எச்சில் கையை மடக்கிக்கொண்டு கண்ணை மூடினார். காத்தவராயன் தலை குனிந்தான்.

"ஆண்டவரே" என்றார் ஞானசீலன். குரல் கரகரத்தது. "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைச்ச கைக்காக ஸ்தோத்திரம். சாப்பிடாத சாப்பாட்டை எனக்கு ஊட்டின சிநேகிதருக்காக ஸ்தோத்திரம். என் நாக்கா இருக்க ராணிக்காக ஸ்தோத்திரம். ருசியைத் திரும்பத் தந்தாலும் சரி, தராட்டியும் சரி. ஆமென்."

"ஆமென்" என்று முதலில் சொன்னது ராமமூர்த்தி.

வெளியே வெயில் இதமாக இருந்தது. ராமமூர்த்தியும் இன்பராணியும் முன்னால் நடந்தார்கள். அந்தக் குழம்பில் மீனுக்குப் பதில் பூசணிக்காய் போட்டால் தேறுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காத்தவராயன் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனான். எப்சிபா அப்பாவின் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூட வந்தாள்.

"என்னம்மா, உள்ளே எல்லாரும் சிரிச்சோம், நீ சிரிக்கலை?"

"அம்மா கேட்டாங்கல்ல, பொய் சொல்லாத ஆளு யாருன்னு."

ஞானசீலன் நின்றார்.

"பேங்க்ல ஓவர்டைம்னு சொல்லுவேன்ல, சனிக்கிழமை. எல்லா சனிக்கிழமையும் ஓவர்டைம் இல்லைப்பா." அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். "முனிர்க்கால ஒரு வீட்டுக்குப் போவேன். அவங்க அஸ்ஸாம். அங்கேதான் இந்தக் குழம்பை முதல்ல சாப்பிட்டேன். சாப்பிட்டதும் ஸச்முச், நிஜமாவே, முதல்ல தோணினது, இது அப்பா தொண்டையில இறங்கும்னுதான். அதான் இங்கே கூட்டிட்டு வந்தேன்."

ஞானசீலன் மகளைப் பார்த்தார். இருபத்து நாலு வயது. தன்னை மாதிரியே மூக்கு. கோபப்படவேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் வயிறு நிறைந்திருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு நிறைந்த வயிறு. அதை வைத்துக்கொண்டு கோபத்தை எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை.

"அந்த வீட்டில யார் சமைப்பாங்க?" என்று கேட்டார்.

எப்சிபா தயங்கினாள். "அவரேதான் சமைப்பாருப்பா."

பஸ் வந்து நின்றது. ராமமூர்த்தி தூக்கோடு ஏறிவிட்டார். படியில் ஒரு கால் வைத்திருந்த இன்பராணி கம்பியைப் பிடித்தபடி அப்படியே திரும்பினாள்.

"யாரு சமைப்பாரு?" என்றாள்.